வினை என்னும் ஓவியன்



 

சென்ற ஆண்டு தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாளன்று, உத்தம ஆகிஞ்சன்யம் பற்றி உரையாற்றுமாறு வந்தவாசிப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் ஜினாலயத்தார் நம்மை அழைத்திருந்தனர். எனது என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றும் இல்லை என்னும் அவ்வறத்தை விளக்க, இவ்வுடலும் நமதன்று என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். உரை முடிந்தது, ஆரத்தி முடிந்தது, கூட்டமும் கலைந்தது. அப்போது ஓர் அம்மையார் தூணருகே நமக்காகக் காத்திருந்தார். ஐம்பத்தேழு வயது இருக்கும். கையில் இரண்டு படங்கள் இருந்தன.

ஒன்று பள்ளிக்கூடத்துப் படம்; பதினான்கு வயதுச் சிறுவன், வகிடெடுத்து வாரிய தலை, சற்றே பெரிய சட்டை. மற்றொன்று முப்பது வயதைக் கடந்த ஓர் ஆடவனின் முகம். இரண்டாவது முகத்தை எவரும் நேரில் கண்டதில்லை. அவருடைய தம்பி மகன் கைப்பேசியில் பழைய படத்தை ஏற்றி, வயதைக் கூட்டிக் காட்டும் செயலி ஒன்றால் உண்டாக்கி, அச்செடுத்துக் கொடுத்தது அது. சிறுவன் வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றுவரை ஒரு சொல் வந்ததில்லை.

"ஐயா, என் பிள்ளை இப்போது இப்படித்தான் இருப்பானா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் பேசிய பேச்சின் வேகம் நம் நாவில் இன்னும் தணியாமல் இருந்தது. "அம்மா, உடல் வெறும் புத்கலம்; கணந்தோறும் மாறுவது. பழைய முகமும் அவன் அன்று. இந்த முகமும் அவன் அன்று. பற்றை விடுங்கள், அமைதி வரும்" என்றோம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க ஐயா" என்று கூறி, இரு படங்களையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஊர் திரும்பும் பேருந்திலேயே நம் நெஞ்சு உறுத்தத் தொடங்கிற்று. நாம் கூறிய சொற்களில் ஒன்றையேனும் ஆகமத்துக்கு மாறானது என்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் அவ்விடத்தில் அச்சொற்கள் பிழைபட்டன. எங்கே பிழைபட்டன என்று ஆராய்ந்ததில் விளைந்ததே இவ்வுரை.

முகத்தின் எதிர்காலத்தை ஊகிப்பது நமக்குப் புதியதன்று. "தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள்" என்னும் பழமொழி நம் ஊர்களில் வழங்குகிறது. குணத்தைக் கருதிப் பெரியோர் சொன்ன மொழி அது. பெண் பார்க்கும் கூடத்தில் அது எப்படி ஆளப்படுகிறது என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டு மூதாட்டி, தட்டு ஏந்தி வந்த பெண்ணை ஒருமுறை பார்ப்பார். கதவோரம் நிற்கும் அவள் தாயை மூன்று முறை பார்ப்பார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இப்பெண்ணின் உடல் எவ்வளவு பருக்கும், முடி எவ்வளவு உதிரும் என்ற கணக்கு அங்கே நடந்துகொண்டிருக்கும். தம் மகனுக்கும் ஒரு தந்தை உண்டென்பதும், அவர் வழுக்கைத் தலையோடு அதே கூடத்தில் அமர்ந்திருப்பதும் அவர் நினைவுக்கு வருவதில்லை!

இக்காலத்து வல்லுநர்களின் முறையும் ஏறத்தாழ இதுவே. அமெரிக்க நாட்டில் நான்சி பர்சன் என்னும் கலைஞர், ஒருவர் முகத்தை வேறொரு வயதில் காட்டும் கணினி முறைக்கு 1981-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முதலில் கலைக்கென உண்டான அம்முறை, பின்னர்க் காணாமற்போன குழந்தைகளைத் தேடும் பணிக்குப் பயன்பட்டது. அந்நாட்டில் 1984-இல் நிறுவப்பெற்ற, காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தில் இதற்கென்றே ஓவியர்கள் பணிபுரிகின்றனர். குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் படத்தைப் புதிதாக வரைகின்றனர். அவர்கள் முதலில் கேட்பது பெற்றோரின் பழைய படங்களை. குழந்தைக்கு இப்போது பதினாறு வயது என்றால், தாயும் தந்தையும் பதினாறு வயதில் எப்படி இருந்தனர், அண்ணனோ அக்காளோ அவ்வயதில் எப்படி இருந்தனர் என்று பார்க்கின்றனர். மூதாட்டியின் கணக்குத்தான், நோக்கம் மட்டும் வேறு.

குழந்தையின் முகம் வளரும் போக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு மண்டை பெரிது, முகம் சிறிது. வளர வளர முகத்தின் கீழ்ப்பாதி இறங்கி முன்னோக்கி நீளும், மூக்குத்தண்டு உயரும், தாடை விரியும். கண்விழியோ அந்த அளவுக்கு வளர்வதில்லை. அதனாலேயே குழந்தைகளின் கண்கள் நமக்குப் பெரியனவாய்த் தோன்றுகின்றன. வளர்ச்சி நின்றபின் தேய்வு தொடங்குகிறது. கண்குழி எலும்பு விரிகிறது. தாடை எலும்பு குறுகுகிறது. கன்னத்துக் கொழுப்பு இறங்குகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. காது மட்டும் நீள்கிறது. 1995-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் முப்பது வயதுக்கு மேற்பட்ட 206 பேரை அளந்து, காது ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீள்வதாகக் கண்டனர். ஐம்பது ஆண்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! இதைக் கேட்ட இளைஞர் ஒருவர், நம் ஜினபிம்பங்களின் காதுகள் தோள்வரை தொங்குவது இதனால்தானா என்று நம்மிடம் வினவினார். அன்று, அது மகாபுருஷ இலக்கணம். ஜினபிம்பத்தில் முதுமைக்கே இடமில்லை. எழுபத்திரண்டாம் வயதில் பாவாபுரியில் வீடுபேறுற்ற வர்த்தமானரின் திருவுருவத்தில் ஒரு சுருக்கமேனும் செதுக்கிய சிற்பி உண்டா? கேவலியின் உடல் பரம ஔதாரிகம். பசி, நீர்வேட்கை, மூப்பு முதலிய பதினெட்டுக் குற்றங்களும் நீங்கியது. அதனாலேயே இருபத்துநால்வரையும் நாம் முகத்தால் பிரித்தறிவதில்லை. பீடத்தில் உள்ள காளையையும் சிங்கத்தையும் பார்த்தே அறிகிறோம்.

நமக்கு அந்நிலை வாய்க்கவில்லை. நம் முகத்தை வரைபவன் வேறொருவன். எண்வினைகளையும் ஆசாரியர்கள் எட்டு உவமைகளால் விளக்கியுள்ளனர். ஞானாவரணீயம் திரைச்சீலை, தரிசனாவரணீயம் வாயிற்காவலன், வேதனீயம் தேன் தடவிய வாள், மோகனீயம் கள், ஆயுவினை காலைப் பிணிக்கும் தளை, கோத்திரவினை குயவன், அந்தராயம் கொடுக்கவிடாமல் தடுக்கும் பொக்கிஷக்காரன். நாமவினைக்கு அவர்கள் தேர்ந்த உவமை ஓவியன். உடலின் வடிவம், எலும்புகளின் பிணைப்பு, உறுப்புகள் அமையும் இடமும் அளவும், நிறம், குரல் ஆகிய அனைத்தும் அவன் கைவண்ணம். தொண்ணூற்று மூன்று உட்பிரிவுகள் அவன் வண்ணக்கிண்ணத்தில் உள்ளன.

அவன் ஒருமுறை வரைந்துவிட்டுத் தூரிகையைக் கழுவி வைப்பவன் அல்லன். உயிர் உடலில் உள்ளளவும் அழித்தழித்து வரைந்துகொண்டே இருக்கிறான். அவன் தன் விருப்பப்படி மட்டும் வரைவதும் இல்லை. வினை பயன்தருவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பவம், பாவம் என்னும் ஐந்து சார்புகள் வேண்டும் என்பது நம் சித்தாந்தம். எந்தப் பொருளோடு, எந்த இடத்தில், எக்காலத்தில், எப்பிறப்பில், எவ்வகை எண்ணத்தோடு உயிர் பொருந்துகிறதோ அதற்கேற்பவே பயன் வேறுபடும். கட்டிய வினையும் கூடலாம், குறையலாம், ஒன்று மற்றொன்றாய் மாறவும் கூடும்.

2012-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஒரு முதியவரின் படத்தை நாம் இங்கே நினைக்கிறோம். அவருக்கு வயது 69, சுமைவண்டி ஓட்டுநர், 28 ஆண்டுகள் ஓட்டியவர். அந்நாட்டில் ஓட்டுநரின் இருக்கை இடப்புறம். கண்ணாடி வழியே வெயில் பட்ட இடப்பக்கக் கன்னம் தடித்துச் சுருங்கி மடிப்பு மடிப்பாய்த் தொங்குகிறது. வலப்பக்கம் பல ஆண்டு இளையவர் கன்னம்போல் உள்ளது. ஒரே ஆயுவினை, ஒரே நாமவினை, ஒரே மனிதர். முகம் மட்டும் இரண்டு! ஒரே கருவில் உருவான இரட்டையர் 186 இணைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட மருத்துவர்களும், புகைபிடித்தவர், வெயிலில் மிகுதியும் திரிந்தவர், மணமுறிவு கண்டவர் ஆகியோர் தம் உடன்பிறப்பைவிட மூத்தவராய்த் தோன்றக் கண்டனர். ஆகவே, எந்த இயந்திரமும் எதிர்கால முகத்தைச் சொல்லிவிட இயலாது. பெரும்பாலோர் மாறும் வகையை அறிந்து, இவரும் அவ்வாறு மாறியிருக்கலாம் என்று ஊகிக்கிறது, அவ்வளவே. அந்த அம்மையாரின் பிள்ளை வெயிலில் கல் சுமந்தானா, நிழலில் அமர்ந்து கணக்கெழுதினானா, வயிறார உண்டானா என்பதை அச்செயலி எங்கிருந்து அறியும்? பதினான்கு வயதில் முகத்தின் வளர்ச்சியே இன்னும் முடிந்திருக்கவில்லை. ஊகம் அங்கே இன்னும் தளர்ந்துவிடும்.

2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஃபேஸ்ஆப் என்னும் செயலி உலகெங்கும் பரவியபோது, நம் வீட்டுப் பிள்ளைகளும் தத்தம் முகத்தைக் கிழமாக்கிப் பார்த்துச் சிரித்தனர். நாம் அதைக் குறைகூற வரவில்லை. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் முதலாவதாகிய அநித்தியத்தை அவர்கள் அறியாமலே ஒரு நிமிடம் எண்ணியிருக்கின்றனர். ஆனால் அடுத்த நிமிடமே படத்தை அழித்துவிட்டுப் பழைய முகத்துக்குத் திரும்பிவிட்டனர். திரும்ப முடியாதவர் கதையை நம் புராணங்கள் சொல்கின்றன.

சக்கரவர்த்திகள் பன்னிருவருள் நான்காமவர் சனத்குமாரர். அவர் அழகை இந்திரனே தன் அவையில் புகழ்ந்தான். நம்பாத தேவர் இருவர் மண்ணுக்கு இறங்கி, உருமாறி வந்து, நீராடுதற்கு முன் அணிகலன் ஏதுமின்றி இருந்த மன்னனைக் கண்டு வியந்து நின்றனர். மன்னனுக்குச் செருக்குப் பிறந்தது. "இப்போது பார்த்தது என்ன அழகு! நான் நீராடி, அணி பூண்டு, அரியணையில் அமர்ந்திருக்கும்போது வந்து பாருங்கள்" என்றான். அவ்வாறே வந்தவர்கள் முகம் வாடினர். "அப்போது இருந்த அழகு இப்போது இல்லை" என்றனர். அவையில் ஒருவரும் நம்பவில்லை. தேவர்கள் ஒரு குடம் நிறைய நீர் கொண்டுவரச் செய்து அனைவருக்கும் காட்டினர். பிறகு அவையோரை அப்பால் அனுப்பிவிட்டு, ஒரு புல்லின் நுனியால் ஒரே ஒரு துளியை எடுத்தெறிந்தனர். மீண்டும் அழைத்து, "குடத்து நீரில் மாற்றம் உண்டா?" என்று வினவினர். இல்லை என்றனர் எல்லாரும். "துளி குறைந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, மன்னன் அழகு குறைந்ததும் அவ்வாறே" என்றனர் தேவர்கள். மன்னன் அன்றே அரசை மகனுக்கு அளித்துத் துறவு பூண்டான்.

இக்கதையை நாம் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறோம். அந்த அம்மையாருக்கு விடை கூறியபோதும் இந்தக் குடமே நம் உள்ளத்தில் இருந்தது. ஆனால் ஒன்றை மறந்தோம். யசோதர காவியத்தில் அவந்தி நாட்டு வேந்தன் அசோகன் ஒரு நரைமயிரைக் கண்டு துறக்கிறான். அது அவன் தலையில் முளைத்த நரை. சனத்குமாரர் கண்டதும் தம் உடலின் குறைவையே. இவர்களுள் ஒருவரேனும், பிள்ளையைப் பிரிந்து நிற்கும் ஒரு தாயிடம் சென்று, உன் பிள்ளையின் உடல் நிலையற்றது என்று சொன்னவர் இலர். அநித்திய பாவனை தன் உடலை நோக்கித் தான் செய்துகொள்ளும் மருந்து; பிறர் புண்ணில் நாம் அப்பும் காரமாய் அதை ஆக்கிவிட்டோம்.

அத்துடன் நில்லாது, நாம் ஏகாந்தவாதமும் பேசினோம். அனேகாந்தம் நம் குலச்செல்வம் என்று மார்தட்டும் நாமே பேசினோம்! தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே உடையதே பொருள் என்பது ஜினவாக்கு. வளையலை அழித்து மோதிரம் செய்தால் வளையல் அழிந்தது, மோதிரம் தோன்றியது, பொன் நின்றது. பரியாய நோக்கில் அந்தச் சிறுவன் இன்று இல்லை என்பது மெய். திரவிய நோக்கில் அதே உயிர் எங்கேயோ ஒரு திண்ணையில் அமர்ந்திருக்கலாம் என்பதும் மெய். "இப்படித்தான் இருப்பானா?" என்று தாய் கேட்டபோது, ஒருவகையால் ஆம், ஒருவகையால் அன்று என்று சொல்லியிருக்க வேண்டியவர் பாதியை மட்டும் எடுத்து முழுமைபோல் நீட்டினோம். எல்லாம் கணத்துக்குக் கணம் அழிவது, நிற்பது ஒன்றும் இல்லை என்பது பௌத்தர் கொள்கை. நீலகேசி அவர்களோடு வாதிட்டு மறுத்த கொள்கையை நாம் ஜினாலயத்துத் தூணடியில் நின்று உபதேசித்திருக்கிறோம்!

அவ்வாதத்தில் நம் ஆசாரியர்கள் பெரிதும் சார்ந்த அளவை ஒன்று உண்டு. பிரத்யபிஞ்ஞானம் என்பது அதன் பெயர். முன்பு கண்டவனை மீண்டும் காணும்போது "அவனே இவன்" என்று எழும் மீட்டறிவு அது. நினைவும் காட்சியும் கலந்து பிறப்பது. பிற சமயத்தார் பலர் இதைத் தனி அளவையாக ஏற்பதில்லை. நம் நூலோர் பரோட்ச அளவைகள் ஐந்தனுள் ஒன்றாக வைத்தனர். கைப்பேசிப் படம் தருவது அனுமானம். பார்த்தவுடன் "இவனே" என்று தாயின் உள்ளம் சொல்லுமே, அது மீட்டறிவு. முன்னது எவ்வளவு திருத்தமாய் அமைந்தாலும் பின்னதன் இடத்தைப் பெறாது. ஆயினும் பின்னது நிகழ்வதற்கு ஒரு வழியைத் திறந்துவிடக்கூடும். அந்த அமெரிக்க மையத்து ஓவியர்கள் தம் படம் அச்சாய் ஒத்திருக்கும் என்று கருதி வரைவதில்லை. காண்போர் ஒருவர், "இந்தச் சாயலை எங்கேயோ பார்த்தேனே" என்று ஒருகணம் நின்றால் போதும் என்றே வரைகின்றனர்.

முகம் முற்றிலும் மாறிவிட்டால் என்ன செய்வது? ஸ்ரீபுராணம் படித்தோர் வச்சிரசங்கன், ஸ்ரீமதி வரலாற்றை அறிவர். சக்கரவர்த்தி வச்சிரதந்தனின் மகளாகிய ஸ்ரீமதி, ஒரு கேவலியின் ஞானப் பெருவிழாவுக்குத் தேவர்கள் வானில் செல்லக் கண்டு மயங்கி வீழ்ந்தாள். தெளிந்தபோது முற்பிறப்பு நினைவுக்கு வந்தது. அவள் தேவலோகத்தில் சுயம்பிரபை; இலலிதாங்கன் என்னும் தேவன் அவள் கணவன். அவன் ஆயுள் முடிந்து வேறெங்கோ பிறந்திருக்க வேண்டும். எந்நாடு, எம்முகம், என்ன பெயர் ஒன்றும் தெரியாது. வயது கூடிய முகத்தை ஊகிக்கலாம். பிறப்பே மாறிய முகத்தை எவ்வாறு ஊகிப்பது?

அவள் ஊகிக்கவே இல்லை. தாங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களை ஒரு சித்திரமாய் வரைந்தாள். சில குறிப்புகளை வேண்டுமென்றே மறைத்து வைத்தாள். செவிலி பண்டிதை அதை எடுத்துச் சென்று ஜினாலயத்தில் விரித்து வைத்தாள். நானே அவன் என்று பொய்யுரைத்து வந்தோர் பலர். மறைபொருளைக் கேட்டவுடன் நாணித் திரும்பினர். வச்சிரசங்கன் வந்தான். படத்தைக் கண்டான், கண்ணீர் பெருகிற்று, மயங்கினான், தெளிந்து, மறைவாய் இருந்த குறிப்புகளையும் எடுத்துரைத்தான். அந்த வச்சிரசங்கனே பின்னொரு பிறப்பில் ஆதிநாதர் விருஷபதேவர். ஸ்ரீமதியே அஸ்தினாபுரத்துச் சிரேயாம்சன். ஆதிபகவன் உணவின்றித் திரிந்த காலத்தில், துறவியர்க்கு உணவளிக்கும் முறையை ஒருவரும் அறியாதபோது, சிரேயாம்சன் மட்டும் அவரைக் கண்ட அளவில் பழம்பிறப்பு உணர்ந்து, கருப்பஞ்சாறு ஏந்தி நின்றான். நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் அட்சய திருதியை அந்த மீட்டறிவின் விழா. பிறப்புகள் பல கடந்தும், உடல்கள் பல கழிந்தும் "அவரே இவர்" என்று ஓர் உயிர் மற்றோர் உயிரை அறிந்தது. முகத்தால் அன்று, சேர்ந்து செய்த தானத்தின் நினைவால்.

இத்தனையும் எண்ணித் தெளிய நமக்கு ஏழு திங்கள் பிடித்தன. சென்ற அட்சய திருதியை கழிந்த வாரத்தில் அவ்வூருக்கு மீண்டும் சென்று, அந்த அம்மையாரின் இல்லத்தைக் கேட்டறிந்து போனோம். குறி சொல்லப் போகவில்லை. நிமித்தம் சொல்லி உணவு பெறுதல் துறவியர்க்கு விலக்கப்பட்ட குற்றங்களுள் ஒன்று. நாம் இல்லறத்தார் ஆயினும், அறியாததை அறிந்ததுபோல் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. "அன்று நாங்கள் சொன்ன விடை பாதி விடை, அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். ஸ்ரீமதி வரலாற்றைக் கூறினோம். அவர் திண்ணையில் அமர்ந்து முழுவதும் கேட்டார்.

அதன்பின் பிள்ளையைப் பற்றி அவரே சொல்லத் தொடங்கினார். இடது முழங்கையில் புளியமரத்திலிருந்து விழுந்த தழும்பு. சிரிப்பதற்கு முன் ஒரு கணம் தலை குனிவான். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டான்; பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தும் கைக்குட்டையை மடித்துக் குவளைமேல் இட்டுத்தான் குடிப்பான். கதிர் சாயுமுன் உண்டுவிடுவான். வீட்டை விட்டுப் போன நாளில் தந்தையோடு நேர்ந்த பூசல், ஓர் ஆட்டுக்குட்டியைக் கசாப்புக்கு விற்றதைப் பற்றியது. இவை எதையும் அச்செயலி அறியாது. நாம் எழுதிக்கொண்டோம். இவ்விதழின் உள்ளட்டையில் அவற்றை அவர் இசைவோடு, பெயரின்றி வெளியிட ஏற்பாடாகியுள்ளது. நம் இதழ் செல்லும் வீடுகள் சிலவே. ஆனால் நம் மக்கள் தொழிலுக்காகப் பெங்களூர், மும்பை என்று எங்கெங்கோ இருக்கின்றனர். ஒரு கடைவாயிலில் கைக்குட்டையில் நீர் வடிகட்டும் ஓர் ஆடவனை எவரேனும் கண்டிருக்கலாம்.

எந்தப் படத்தை அச்சிடுவது என்று கேட்டோம். பள்ளிக்கூடத்துப் படத்தை எடுத்துக் கொடுத்தார். செயலி வரைந்ததையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் இருக்கட்டும்" என்றார். விடைபெற்று எழுந்தபோது எம்மை நிறுத்தினார்.

"ஐயா, அவன் போனபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. தலையில் ஒரு நரைகூட இல்லை. இப்போது என்னை எங்காவது பார்த்தால் அவனுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? என் படத்தையும் போடுங்கள். இப்போது எடுத்ததைப் போடுங்கள்."

உள்ளே சென்று, முகம் கழுவி, வெளுத்த முடியை நீர் தொட்டு வாரிக்கொண்டு, திண்ணைச் சுவரோரம் வெளிச்சத்தில் வந்து நின்றார்.